மசாய் மாராவில் மூன்று நாள்: பார்த்ததும் பார்க்காததும்

நம் சங்கக் குடும்பங்களில் வருடத்துக்கு நாலைந்து பேராவது இப்போது வெளிநாட்டுச் சுற்றுலா போய் வருகிறார்கள். சிங்கப்பூரும் துபாயும் பழசாகிவிட்டன. ஓய்வு பெற்றவர்களின் பேச்சில் புதிதாக அடிபடும் பெயர் கென்யா. மும்பையிலிருந்து ஆறு மணி நேர விமானம்தான், நேரமும் இரண்டரை மணிதான் பின்னால். சிங்கம், யானை, காண்டாமிருகம் எல்லாம் வாசலில் வந்து நிற்கும் என்று விளம்பரம் சொல்கிறது. இந்த வருடப் பொங்கல் விழாவில் மட்டும் மூன்று பேர் என்னிடம் "சார், நீங்க போய் வந்தீங்களே, எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். சாப்பாட்டு வரிசையில் நின்றபடி சொல்லி முடிக்கக் கூடிய விஷயமில்லை அது. எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் சொன்னதால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் பயணம் ஏமாற்றமாகத்தான் முடிந்தது. ஆனால் அந்த ஏமாற்றத்துக்கு மிருகங்கள் காரணமில்லை.

போகுமுன்

நான் ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவன். டிப்ளமா முடித்துச் சேர்ந்து, பெரும்பாலும் சௌராஷ்டிராவிலேயே காலம் தள்ளினேன். சாசண் கீர் வழியாகப் போகும் மீட்டர் கேஜ் லைனில் சில வருடம் வேலை. காலையில் டிராலியில் பாதை பார்க்கப் போனால் சில நாள் தண்டவாளத்தின் நடுவே சிங்கம் படுத்திருக்கும். டிராலியை நிறுத்திவிட்டு, அது எழுந்து போகும்வரை நானும் நாலு டிராலிமேன்களும் மூச்சுக் காட்டாமல் காத்திருப்போம். அவசரப்பட்டவர் யாருமில்லை. 1990-ஆம் வருடக் கணக்கெடுப்பில் கீர்ப் பகுதியில் 284 சிங்கங்கள். 2025-இல் எடுத்த கணக்கில் 891. இந்தக் கதைகளை வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். கேட்டுக் கேட்டு என் மனைவிக்கு ஓர் ஆசை. "உங்களுக்கு ஆபீஸ் செலவிலே சிங்கம் காட்டினாங்க. எனக்கு எப்போ?" என்பாள். நாற்பதாவது கல்யாண நாளுக்குக் கென்யா என்று முடிவு செய்தோம். 2024 பிப்ரவரியில் பணம் கட்டி ஆகஸ்டில் பயணம்.

இரண்டு பேருக்கும் விமானக் கட்டணம் சேர்த்து 4,80,000 ரூபாய். அப்போதிருந்த விதிப்படி 5 சதவீதம் வரி, 24,000 ரூபாய், ஏஜெண்டே பிடித்துக் கட்டினார். அது வருமான வரிக் கணக்கில் நமக்கு வரவாகிவிடும். சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏஜெண்டு கொடுத்த கடிதத்தில் நான்கு விஷயங்கள் தெளிவாக எழுதியிருந்தன. சரணாலயத்தின் உள்ளேயே தங்குமிடம், அதன் பெயரோடு. எங்கள் இருவருக்கும் தனி ஜீப். நுழைவுக் கட்டணம் முழுவதும் உட்பட. சைவச் சாப்பாடு. நான்கையும் ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசா கிடையாது. அதற்குப் பதில் இணையம் வழியாகப் பயண அனுமதி வாங்க வேண்டும். அதில் சிரமமில்லை. சிரமம் மஞ்சள் காய்ச்சல் ஊசியில். கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் நாட்டு விமான நிலையத்தில் அந்த ஊசி அட்டையைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுதும் போதும். ஆனால் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஊசியால் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். நாங்கள் இருவரும் டாக்டரிடம் முழுப் பரிசோதனை செய்துகொண்ட பிறகே போட்டுக்கொண்டோம்.

நைரோபியிலிருந்து மாராவுக்கு

நைரோபி கிட்டத்தட்ட நம் குன்னூர் உயரத்தில் இருக்கும் ஊர். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்று நினைத்து மெல்லிய உடைகளோடு போகிறவர்கள் ஆகஸ்டில் நடுங்கிப் போவார்கள். காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.

மறுநாள் காலை தனி ஜீப்புக்குக் காத்திருந்தோம். வந்தது ஒரு வெள்ளை வேன். கூரையைத் தூக்கிவிட்டு நின்று பார்க்கும்படியான வேன்தான். ஆனால் உள்ளே ஏற்கெனவே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஜன்னல் ஓரம் எல்லாம் நிரம்பி. எங்களுக்குப் பின் வரிசை. ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். "அங்கே போனதும் மாற்றித் தருவார்கள் சார்" என்றார். மாறவேயில்லை.

வழி மட்டும் குறை சொல்ல முடியாத அழகு. நைரோபியை விட்டுக் கொஞ்ச தூரத்தில் பூமி சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது. அதுதான் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. மேலிருந்து பார்த்தால் லோங்கோநாட் எரிமலை கவிழ்த்த கூடை மாதிரி தெரியும். இந்தச் சரிவில் 1900 வாக்கில் ரயில் பாதை போட்டவர்கள், நிரந்தரப் பாதை முடியும்வரை பெட்டிகளைக் கம்பிக் கயிறு கட்டி இறக்கியிருக்கிறார்கள். இறங்கும் சாலையோரம் ஒரு குட்டி மாதா கோயில். 1942-இல் இத்தாலியப் போர்க் கைதிகள் இந்தச் சாலையைப் போட்டபோது தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. பள்ளத்தாக்கின் அடியில் மாய் மாஹியூ என்ற ஊர். 2019-இல் சீன உதவியோடு போட்ட புது ரயில் பாதை அங்கே ஓடுகிறது. நான் எட்டி எட்டிப் பார்த்ததில் பக்கத்தில் இருந்தவருக்கு எரிச்சல். "மிருகம் இன்னும் வரலை அங்கிள்" என்றார்.

நரோக் ஊரில் டீ. கென்யாவில் டீயை 'சாய்' என்கிறார்கள். சப்பாத்தி சப்பாத்திதான், பணத்துக்குப் 'பேசா', வண்டிக்கு 'காரி'. எல்லாம் நம் ஆட்கள் கொண்டு போன சொற்கள். மனைவிக்கு அங்கே மனசு லேசாயிற்று.

வாசலில் வந்த வினை

சரணாலய வாசலில் வேன் நின்றது. உள்ளூர் ஆள் ஒருவர் வந்து, "ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 டாலர்தான் கட்டியிருக்கிறது. மீதி 100 டாலர் நீங்கள் தர வேண்டும். மூன்று நாளுக்கு இருவருக்கும் 600 டாலர்" என்றார்.

விவரம் இதுதான். மசாய் மாராவை நிர்வகிப்பது நரோக் மாவட்ட அரசு. வெளிநாட்டுப் பெரியவர்களுக்கான கட்டணத்தை 2024 முதல் அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். இது பிப்ரவரியில் எங்களிடம் பணம் வாங்கிய ஏஜெண்டுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆகஸ்ட் பயணத்துக்கு ஜூன் கட்டணத்தைப் போட்டு விலையைக் குறைத்துக் காட்டியிருக்கிறார். டிக்கெட் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை. நாங்கள் வாசலில் நின்றபோது மணி மாலை நாலு. இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு 200 டாலர்!

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "திரும்பிப் போயிடலாமாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சண்டை போடும் தெம்பே போய்விட்டது. பணத்தைக் கட்டி, 'ஆட்சேபத்துடன் கட்டியது' என்று என் கையால் எழுதி, அந்த ஆளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ரயில்வேயில் கற்றுக்கொண்ட பழக்கம் இது. எதையும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 600 டாலர் அன்றைய மதிப்பில் ஐம்பதாயிரம் ரூபாய்.

தங்குமிடமும் உள்ளே இல்லை. வாசலுக்கு வெளியே, ஒரு சிற்றூரை ஒட்டிய கூடாரங்கள். கூடாரம் என்றால் கட்டில், குளியலறை எல்லாம் உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம்தான். சைவச் சாப்பாடு என்பது வேகவைத்த முட்டைக்கோஸ், 'சுக்குமா விக்கி' என்னும் கீரை, சோள மாவுக் களி. முதல் நாள் ருசித்தது. மூன்றாம் நாள் நாங்கள் கொண்டு போயிருந்த புளிக்காய்ச்சல்தான் மானத்தைக் காத்தது. சமையல்காரர் நல்ல மனிதர். வெறும் சாதம் வடித்துக் கொடுத்து, புளிக்காய்ச்சலைத் தானும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

34 வண்டிகள்

இனி மிருகங்களுக்கு வருகிறேன். மாரா சரணாலயம் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். தெற்கே எல்லையைத் தாண்டினால் தான்சானியாவின் செரங்கெட்டி. கண்ணுக்கு எட்டிய வரை புல்வெளி, அங்கங்கே ஒற்றை மரம். வரிக்குதிரைகள் நம் ஊர் மாடுகள் மாதிரி கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. ஒட்டகச்சிவிங்கி நடப்பதைப் படத்தில் பார்ப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு. அவ்வளவு உயரமான உருவம் சத்தமே இல்லாமல் நகர்கிறது. ஒரு யானைக் கூட்டம் குட்டிகளோடு எங்கள் வேனுக்கு முன்னால் சாவகாசமாகக் கடந்தது. மனைவி கைகூப்பிவிட்டாள். முதல் மாலையும் மறுநாள் காலையின் முதல் மணி நேரமும் எங்களுக்கு நிறைவாகவே இருந்தன.

சிங்கம் ஒன்றே ஒன்று. புதருக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி பார்த்தது அதன் வாலும் ஒரு பின்னங்காலும். எனக்கு வால் மட்டும்.

வண்டிகள் எல்லாவற்றிலும் வானொலிக் கருவி உண்டு. ஒரு டிரைவர் எதையாவது பார்த்துவிட்டால் மற்றவர்களுக்குச் சொல்வார். அடுத்த பத்து நிமிடத்தில் நாலு திசையிலிருந்தும் புழுதி கிளம்பும். இரண்டாம் நாள் காலை எட்டரை மணிக்கு வானொலியில் 'டூமா' என்றார்கள். சிவிங்கிப்புலிக்கு அவர்கள் மொழியில் அந்தப் பெயர். நம் நாட்டில் 1952-இல் அற்றுப்போனதாக அறிவித்து, 2022-இல் நமீபியாவிலிருந்து கூனோவுக்குக் கொண்டு வந்தார்களே, அதே மிருகம்.

தாயும் இரண்டு குட்டிகளும். தாய் ஒரு மண்மேட்டின் மேல் நின்று தூரத்து மான்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. குட்டிகள் அதன் காலடியில். நாங்கள் போனபோது ஏழு வண்டி. நின்ற இடத்திலிருந்தே எண்ணத் தொடங்கினேன், அது தொழில் பழக்கம். பதினைந்து, இருபத்திரண்டு, கடைசியில் 34. சுற்றி வளையமாக நிறுத்திவிட்டார்கள். ஓரிடத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டருக்கு உள்ளே நெருங்கக் கூடாது, மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட வேண்டும் என்பது அங்குள்ள விதி. கடைப்பிடித்தவர் ஒருவர்கூட இல்லை.

எங்கள் டிரைவர் முதலில் தள்ளித்தான் நின்றார். முன் வரிசைக்காரர் ஐம்பது டாலர் நோட்டை எடுத்து ஆட்டி, "இன்னும் கிட்டே போ" என்றார். டிரைவர் எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்தினார்.

தாய் மேட்டிலிருந்து இறங்கிப் புல்லில் பதுங்கி மான்களை நோக்கிப் போனது. இரண்டு வண்டிகள் குறுக்கே போய் நின்றன. மான்கள் தலை தூக்கின, ஓடின. தாய் நின்றுவிட்டது. மறுபடி ஒருமுறை வேறு பக்கம் முயன்றது. அங்கேயும் வண்டி. குட்டிகளை வண்டிகளின் இடைவெளியில் காணோம். தாய் பறவை கூப்பிடுவது போன்ற ஒரு சன்னமான குரலில் கூப்பிட்டுக்கொண்டே நடந்தது. அவ்வளவு வண்டிகளின் எஞ்சின் சத்தத்திலும் அது கேட்டது.

"போதுங்க. வண்டியைத் திருப்பச் சொல்லுங்க. அது பிள்ளைங்களுக்குச் சோறு தேடுது" என்றாள் மனைவி. நான் டிரைவரிடம் சொன்னேன். மற்ற ஐந்து பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. "நாங்களும் காசு கொடுத்திருக்கோம்" என்றார்கள். ஏழில் ஐந்து ஓட்டு. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். பிறகு காவலர் வண்டி வந்து எல்லோரையும் விரட்டியது. தாய் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு புதருக்குள் போயிற்று. மனைவி அதற்குப் பிறகு கூரை வழியே எழுந்து நிற்கவேயில்லை.

ஊருக்கு வந்தபின் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுவது. இரவில் அலையும் சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து அது பகலை எடுத்துக்கொண்டது. பகல்தான் நம் சுற்றுலா நேரமும். 2018-இல் மாராவில் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. சுற்றுலா வண்டிகள் குறைந்த பகுதியில் ஒரு தாய் சராசரியாக இரண்டுக்கு மேல் குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் மிகுந்த பகுதியில் அந்தச் சராசரி 0.2. அதாவது ஐந்து தாய்களுக்குச் சேர்த்து ஒரே குட்டி. இந்தக் கணக்கை மனைவியிடம் சொன்னேன். "அந்த ரெண்டும் பிழைச்சிருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆற்றங்கரையில்

மூன்றாம் நாள் மாரா ஆறு. விளம்பரத்தில் எல்லோரும் காட்டும் காட்சி இதுதான். சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்கள் செரங்கெட்டியிலிருந்து மழையையும் புல்லையும் தேடி வடக்கே வருகின்றன. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை முதலைகள் உள்ள இந்த ஆற்றை அவை அங்கங்கே கடக்கும். 'ஆறு கடப்பதைக் கண்டிப்பாகக் காட்டுகிறோம்' என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

நாலு மணி நேரம் காத்திருந்தோம். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் வந்து நின்றன. முன்னால் நிற்பது தண்ணீரைப் பார்க்கும், பின்னால் திரும்பும். கூட்டமே திரும்பும். மறுபடி வரும். கடக்கவேயில்லை. இதில் எனக்கு வருத்தமில்லை. மிருகத்துக்கு டைம் டேபிள் கிடையாது. கண்டிப்பாகக் காட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பவர்மேல்தான் கோபம். எங்களோடு வந்தவர்களோ டிரைவரைத் திட்டினார்கள், அவர்தான் பிடித்து நிறுத்தியது போல.

கரையில் டிரைவர் என்னிடம் கொஞ்சம் மனம் விட்டுப் பேசினார். சம்பளம் சொற்பம், இனாமை நம்பித்தான் குடும்பம். கிட்டே போகாவிட்டால் 'சரியில்லாத டிரைவர்' என்று எழுதிப் போட்டுவிடுவார்கள், அடுத்த மாதம் வேலை இருக்காது. கிட்டே போய்க் காவலரிடம் மாட்டினால் அபராதம். "விதி எனக்குத் தெரியும் பாபு. வண்டியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரணாலயத்தைச் சுற்றி மசாய் மக்களுக்குச் சொந்தமான நிலங்கள் இருக்கின்றன. அவர்கள் அவற்றைக் குத்தகைக்கு விட்டு, தனிக் காப்பகங்களாக நடத்துகிறார்கள். அங்கே கூடாரங்களுக்கும் வண்டிகளுக்கும் வரம்பு உண்டு. குத்தகைப் பணம் நில உரிமையாளர்களுக்கே மாதாமாதம் போகிறது. மிருகங்களுக்கு இரண்டுக்கும் நடுவே வேலி கிடையாது. செலவு கூடும், ஆனால் ஒரு மிருகத்தைச் சுற்றி 34 வண்டி நிற்காது. டிரைவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு விற்றவர் இப்படி ஒன்று இருப்பதாகவே சொல்லவில்லை.

ரயிலால் வந்த ஆறுதல்

கடைசி இரண்டு நாள் எங்கள் சொந்த ஏற்பாடு. நைரோபியில் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. நைரோபி நகரமே ரயிலால் உண்டானது. 1896-இல் மொம்பாசாவில் தொடங்கிய உகாண்டா ரயில்வே 1899-இல் இங்கு வந்தபோது இது வெறும் சதுப்பு நிலம். பாதை 1901-இல் விக்டோரியா ஏரியைத் தொட்டது. மீட்டர் கேஜ். நம் சௌராஷ்டிராவில் ஓடிய அதே அகலம். போட்டவர்கள் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கொண்டு போன சுமார் 32,000 தொழிலாளர்கள். ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள்.

அருங்காட்சியகத்தில் ஒரு பழைய பெட்டி நிற்கிறது. 1900-இல் கீமா ஸ்டேஷனில், ஆள்கொல்லிச் சிங்கத்தைச் சுடக் காத்திருந்து கண்ணயர்ந்த ரயால் என்ற போலீஸ் அதிகாரியைச் சிங்கம் இந்தப் பெட்டிக்குள் ஏறி இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த ஜன்னலைத் தொட்டுப் பார்த்தோம்.

மறுநாள் புது ரயிலில் மொம்பாசா. 2017-இல் திறந்த பாதை, 470 கிலோமீட்டருக்குச் சுமார் ஐந்து மணி நேரம். அது சாவோ தேசியப் பூங்காவைக் கடந்து போகிறது. 1898-இல் அங்கே பாலம் கட்டும்போது இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் தொழிலாளர்களைக் கொன்றன. பாட்டர்சன் என்ற எஞ்சினீயர் டிசம்பரில் இரண்டையும் சுட்டார். 135 பேரைத் தின்றதாக அவர் பிற்காலத்தில் எழுதினார். 2009-இல் அந்தச் சிங்கங்களின் எலும்பையும் ரோமத்தையும் ஆராய்ந்தவர்கள் சுமார் 35 என்கிறார்கள். எண்ணிக்கை எதுவானாலும், இரவில் கூடாரத்தில் அடுத்து யார் என்று பயந்து படுத்திருந்தவர்கள் நம் நாட்டுக் கேங்மேன்கள்.

புது பாதை சாவோவில் உயர்ந்த கரைமேல் போகிறது. யானைகள் கடக்க அடியில் பெரிய வழிகள் விட்டிருக்கிறார்கள். செம்மண் பூசி உடம்பெல்லாம் சிவந்த யானைகள் ஒன்பது, ஜன்னல் வழியே தெரிந்தன. மனைவிதான் முதலில் பார்த்தாள். யாரும் துரத்தவில்லை, வளைக்கவில்லை. ரயில் அதன் வழியில் போயிற்று, யானை அதன் வழியில். "இதுதாங்க பார்க்க வந்தது" என்றாள். மாராவுக்குப் பிறகு அவள் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

ஏஜெண்டு கதை

திரும்பியதும் கடிதம், ரசீது, படங்கள் எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். நாலு மாதத்தில் 600 டாலருக்கு ஈடான பணம் திரும்பி வந்தது. தங்குமிடமும் ஜீப்பும் மாறியதற்கு, 'அதற்குச் சமமானதைக் கொடுத்தோம்' என்கிறார்கள். ஏழு பேர் வேன் தனி ஜீப்புக்குச் சமம் என்றால், பொதுப் பெட்டி ஏ.சி. பெட்டிக்குச் சமம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பது சட்டம். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

போகிறவர்களுக்கு

1. தங்குமிடம் சரணாலயத்தின் உள்ளேயா, வெளியேயா, தனிக் காப்பகத்திலா என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். தனிக் காப்பகம் கட்டுப்படியாகுமானால் நாளைக் குறைத்துக்கொண்டாவது அதையே எடுங்கள்.

2. நுழைவுக் கட்டணம் எந்த மாதக் கணக்கு, எத்தனை நாளுக்கு, தலைக்கு எத்தனை டாலர் என்று ரசீதில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

3. வண்டி தனியா, பங்கா? பங்கு என்றால் எத்தனை பேர்? முழங்கால் வலி உள்ளவர்கள் பின் வரிசையில் உட்காரவே கூடாது. என் மனைவி ஊர் வந்து மூன்று வாரம் எண்ணெய் தேய்த்துக்கொண்டாள்.

4. ஆறு கடப்பதைக் கண்டிப்பாகக் காட்டுவேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

5. ஊசி, ஸ்வெட்டர், புளிக்காய்ச்சல். மூன்றையும் மறக்க வேண்டாம்.

6. ஆப்பிரிக்கா போகுமுன், இவ்வளவு பக்கத்தில் இருக்கிற சாசணுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அக்டோபர் 16 முதல் ஜூன் 15 வரை காடு திறந்திருக்கும். வனத்துறையின் இணையதளத்திலேயே அனுமதி வாங்கலாம். உலகத்தில் ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது நம் குஜராத்தில் மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. வண்டியில் ஏறியதுமே டிரைவரிடம், "எங்களுக்கு அவசரமில்லை, தள்ளி நின்று பார்த்தால் போதும், உங்கள் இனாம் அதனால் குறையாது" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் மொழியில் நிதானமாக என்பதற்குப் 'போலே போலே' என்று சொல்ல வேண்டும். ஏழில் ஐந்து பேர் அப்படிச் சொல்லியிருந்தால் அன்று எங்கள் வேனாவது அந்த வளையத்தில் இருந்திருக்காது. 34-இல் ஒன்று குறைந்தால் அந்தத் தாய்க்கு ஒரு வண்டி அகல வழி கிடைக்கும்.